ஐந்தாவது துண்டு

என்னைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, வாய் நீளம். இரண்டு, வேலை சுத்தம். முதலாவதை நான் மறுப்பதில்லை. இரண்டாவது, பத்தொன்பது வருடமாக நானே சொல்லிச் சொல்லி எல்லோர் வாயிலும் ஏறிய விஷயம். அதையும் ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

என் வேலை இன்னதென்று சொன்னால் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். நோயாளிகளின் உடம்பிலிருந்து டாக்டர்கள் கிள்ளி அனுப்புகிற சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. சின்ன பாட்டிலில், கெடாமலிருக்க ஃபார்மலினில் முங்கி வரும். பெரும்பாலும் அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். வந்ததும் எங்கள் லேப் டாக்டரம்மா அதை எண்ணி, எத்தனை துண்டு என்று பதிவேட்டில் எழுதி, ஓட்டை போட்ட குட்டி டப்பாவில் போட்டு மூடுவார். ஓர் இயந்திரம் இரவெல்லாம் ஸ்பிரிட்டில் மாற்றி மாற்றி ஊறவைத்து அதிலிருக்கும் தண்ணீரை இழுத்துவிட்டு, அந்த இடத்தில் மெழுகை ஏற்றிவிடும். காலையில் நான் வந்து அச்சில் வைத்து உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவைத்தால் அது ஒரு கட்டி. நாங்கள் பிளாக் என்போம். அந்த பிளாக்கை மைக்ரோடோம் என்கிற இயந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு கனத்தில் இழை இழையாகச் சீவி வரும்.

அந்த இழையைக் கையால் தொட முடியாது, மூச்சு விட்டாலே சுருண்டுகொள்ளும். அதனால் பக்கத்திலிருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவோம். சுருக்கமெல்லாம் விரிந்து தட்டையானதும் அடியில் கண்ணாடி ஸ்லைடை நுழைத்து அப்படியே ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு காயவைத்து, மெழுகைக் கரைத்து, நீலமும் ரோஜா நிறமும் ஏற்றினால் டாக்டரம்மாவின் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இதில் ஒரு நியமம் உண்டு. ஒரு பிளாக் முடிந்து அடுத்ததைத் தொடுமுன், தொட்டித் தண்ணீரின் மேல் ஒரு டிஷ்யூ பேப்பரைப் படுக்கவைத்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்து எடுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஏதாவது மிதந்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் அடுத்தவருடைய ஸ்லைடில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரையும் இந்த ஒரு விஷயத்துக்காக நான் திட்டாத திட்டு இல்லை. தவறுப் பதிவேடு என்று ஒரு நீல நோட்டு இருக்கிறது. அதில் இருக்கும் கையெழுத்து முக்கால்வாசி என்னுடையது. தவறு செய்தவர்களின் பெயர் எல்லாம் மற்றவர்களுடையது.

வீட்டில் எனக்கு இந்த மரியாதை கிடையாது. காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஐம்பத்தாறு வயது, அடுத்த தெருவில் தனியாக இருந்துகொண்டு தையல் கடை வைத்திருக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் பார்க்கிற மனுஷி. என் வீட்டுக்குள் நுழைந்தால் திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, அலமாரிக் கதவு முழுசாக மூடவில்லை, குழம்புக் கரண்டியைச் சோற்றில் வைத்திருக்கிறேன் என்று பட்டியல் ஆரம்பித்துவிடும். முகத்துக்கு நேரே 'அண்ணி' என்பேன். மனதுக்குள் 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். இருபது வருடமாக எலியும் பூனையுமாகக் காலம் தள்ளினோம். அவர் சொன்ன ஒரு குற்றத்தைக்கூட நான் ஒத்துக்கொண்டது கிடையாது. நியாயமாக இருந்தாலும் ஒத்துக்கொள்வதில்லை என்று வைராக்கியம்.

கடந்த இரண்டு மாதமாக இன்ஸ்பெக்டர் கொஞ்சம் அடங்கியிருந்தார். ரவிக்கை ஒன்றைத் தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தேன். வழக்கமாக இரண்டு வாரம் இழுப்பார், உடம்பு போட்டிருக்கே என்று ஒரு குத்தும் சேர்த்துக் கொடுப்பார். இந்த முறை இரண்டே நாளில் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து உள்ளூரக் குளிர்ந்துபோனேன். மனுஷி இளைத்திருந்ததும் கண்ணில் படத்தான் செய்தது. வாயைக் குறைத்தால் உடம்பும் குறையும் போலிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்குக் காலையில் மொத்தம் பதினான்கு பிளாக். முந்நூற்றுப் பத்து முதல் முந்நூற்று இருபத்து மூன்று வரை. எங்கள் அறைக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் எழுதிய விண்ணப்பத் தாள்கள் டாக்டரம்மாவின் மேஜையில் இருக்கும். எனக்கு அவை தேவையும் இல்லை.

முந்நூற்றுப் பதினேழை முடித்தபோது டிஷ்யூ ரோல் தீர்ந்திருந்தது. ஸ்டோர் ரூமுக்குப் போனேன். ஸ்டோர்காரர் ஒரு ரோல் கொடுக்க மூன்று கையெழுத்துக் கேட்கிற ஆள்.

"போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க? அதுக்குள்ள தீந்துடுச்சா? அங்க என்ன, தின்னுறீங்களா?"

"ஆமா, தொட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல. அத உங்ககிட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"கோபப்படாதீங்க மேடம். ரூல்னா ரூல்."

"உங்க ரூலத் தூக்கி அலமாரில வைங்க. உள்ள ஆளோட உயிர் காத்துக்கிட்டு இருக்கு."

ஐந்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. ரோலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அவருக்குச் சொல்ல மறந்த பதில்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கோபத்திலேயே சக்கரத்தைச் சுற்றினேன். மிச்சமிருந்த பிளாக்குகள் மளமளவென்று முடிந்தன. மதியத்துக்குள் ஸ்லைடுகள் எல்லாம் நிறம் ஏறி டாக்டரம்மாவின் மேஜைக்குப் போய்விட்டன.

ஒன்றரை மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். குரல் உயர்த்தாத பெண்மணி, பேச்சில் ஒரு சொல் அதிகம் இருக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப்பில் எதிர்ப்பக்கம் என்னை உட்காரச் சொன்னார்.

"317 மோசம். இரைப்பைப் புற்றுநோய், அதுல சந்தேகமே இல்ல. இது 318. இதுவும் இரைப்பைதான். பாருங்க."

பார்த்தேன். டாக்டர் படிப்பு இல்லாவிட்டாலும் பத்தொன்பது வருடம் பார்த்த கண். ரோஜா நிறத்தில் வரிசை வரிசையாக ஒழுங்காக நின்றன செல்கள். ஸ்லைடை நகர்த்தினார். ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு. அதில் ஒழுங்கு என்பதே இல்லை. உட்கருவெல்லாம் ஊதி, கறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

"மத்ததெல்லாம் சாதுவா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "இது ஒண்ணுதான் கன்னாபின்னான்னு நிக்குது. தண்ணிய தொடச்சீங்கள்ல?"

எனக்குச் சுருக்கென்றது.

"என்ன டாக்டர், என்னப் பாத்து இப்படிக் கேட்டுட்டீங்க? பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது தொடைக்காம அடுத்த பிளாக்கத் தொட்டிருப்பேனா?"

"கேக்குறது என் கடமைம்மா."

"கேளுங்க. ஆனா வேற யாரையாவது கேளுங்க."

டாக்டரம்மா லேசாகச் சிரித்தார். "சரி, நீங்க சொன்னா சரிதான். நாலு மணிக்குள்ள ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டுடுறேன். அஞ்சு மணிக்கு வெளிநோயாளிப் பிரிவுல டாக்டர் அவங்கள வரச் சொல்லியிருக்காராம்."

நான் எழுந்தேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது, வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகாவது யோசித்தேனா என்றால் அதுவும் இல்லை. டாக்டரம்மா என் வார்த்தையை மதித்துவிட்டார் என்ற திருப்தியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"டைப் பண்ற பொண்ணு இன்னிக்கு லீவு. இந்த ரெண்டு ஃபார்மையும் ஆபீஸ்ல குடுத்துடுங்க, பேரு விவரத்த ஏத்தி வைக்கட்டும்."

வாங்கிக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே கண் மேலாகத் தாளில் ஓடியது. 318. பெண். வயது ஐம்பத்தாறு. இரண்டு மாதமாக வயிற்று வலி, எடைக் குறைவு. பெயரைப் பார்த்தேன். அந்தப் பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். தொழில் என்ற இடத்தில் தையல் என்றிருந்தது. தொடர்பு எண்ணைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது என் வீட்டுக்காரருடைய எண்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒதுங்கி அவருக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணிக்கு உடம்புக்கு என்ன?"



"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நீங்கதான் சொல்லியிருக்கணும்."

"உங்கிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா. வயித்துக்குள்ள குழாய விட்டுப் பாத்தாங்க. புண்ணு இருக்கு, கிள்ளி அனுப்பியிருக்கோம்னாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் கூட வரேன்னதுக்கும் வேணாம்னுட்டா." குரல் இறங்கியது. "ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது முதலில் வந்தது அழுகை இல்லை. ரவிக்கைதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டே நாளில் முடித்துக் கொடுத்த ரவிக்கை. மனுஷி கையிலிருந்த துணியையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அதை என் வெற்றி என்று நினைத்திருக்கிறேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது.

இருபது வருடம் என் உயிரை வாங்கியவர்தான். ஆனால் எனக்கு மகள் பிறந்தபோது நாற்பது நாள் என் வீட்டிலேயே கிடந்து, துணி துவைப்பதிலிருந்து குழந்தையைத் தூக்கித் திரிவதுவரை பார்த்ததும் அதே மனுஷிதான். அப்போதும் திட்டிக்கொண்டேதான் பார்த்தார். அவருக்கு இப்படி ஒன்று வரக்கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. அப்படி அடித்துக்கொண்டபோதுதான், டாக்டரம்மா கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுந்தது. தண்ணிய தொடச்சீங்கள்ல?

படி ஏறி ஓடினேன். முதலில் பதிவேட்டைப் புரட்டினேன். 318-க்கு நேராக டாக்டரம்மாவின் குட்டி எழுத்தில் 'நான்கு துண்டுகள்' என்றிருந்தது. ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஓரத்தில் கடுகுக்குப் பாதியாக இன்னொன்று. ஐந்து.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு துண்டு வழியில் உடைந்து இரண்டாகியிருக்கலாம், அப்படி நிறைய ஆகும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, காலையில் நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 317 முடிந்தது. ரோல் தீர்ந்தது. ஸ்டோர். சண்டை. வந்தேன். ரோலை மேஜையில் வைத்தேன். உட்கார்ந்தேன். பிறகு? பிறகு ரோலின் மேலுறையைப் பல்லால் கடித்துக் கிழித்தது ஞாபகம் வந்தது. கத்தரிக்கோல் கையில் அகப்படவில்லை, அதனால் கடித்தேன். அப்போது சூட்டுத் தட்டில் ஒரு ஸ்லைடு காய்ந்துகொண்டிருந்தது. அது எந்த ஸ்லைடு? ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிய எண் கண்ணில் அப்படியே நின்றது. 318.

நான் உறையைப் பிரித்ததே 318-ஐ முடித்த பிறகுதான். 317-க்கும் 318-க்கும் நடுவில் தண்ணீரை நான் துடைக்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில் நான் எதற்காகவும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தவறு என்னுடையதாக இருக்க வேண்டும், நான் சோம்பேறியாக, அசிரத்தையாக, உதவாக்கரையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே டாக்டரம்மாவின் அறைக்குள் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க. நான் 317 முடிச்சுட்டு தண்ணிய தொடைக்கல."

நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பவே கேட்டேனே."

"யோசிக்காம சொல்லிட்டேன்."

"இப்ப எப்படி யோசனை வந்துச்சு?"

ஃபார்மை மேஜையில் வைத்தேன். "இது என் நாத்தனார்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"பத்தொன்பது வருஷத்துல இது மொத தப்பா, இல்ல நீங்க ஒத்துக்கிட்ட மொத தப்பா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"இப்ப அதுக்கு நேரமில்ல," என்றார் அவரே. "தொட்டித் தண்ணிய முழுசா மாத்துங்க. கத்தி புதுசு மாட்டுங்க. 318-ஐத் திரும்ப வெட்டுங்க, மூணு ஆழத்துல. 319-ஐயும் எடுங்க, அதுலயும் ஏதாவது ஏறியிருக்கான்னு பாக்கணும். உங்களால முடியுமா, இல்ல வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"நானே பண்றேன்."

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். தேய்த்த தேய்ப்பில் அடியில் முகம் தெரிந்தது. புதுத் தண்ணீர் ஊற்றிச் சூடேறும்வரை பிளாக்கைப் பனிக்கட்டித் தட்டில் கவிழ்த்து வைத்தேன். மெழுகு இறுகினால்தான் ஒழுங்காகச் சீவும். கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை மெழுகுக்குள் பழுப்பாக நான்கு புள்ளி. இன்ஸ்பெக்டரின் வயிறு. ஒரு சுற்று அதிகமாகச் சீவினால் சதையே தீர்ந்துவிடும், பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மறுபடி குழாயை விட்டுக் கிள்ள வேண்டும்.

சக்கரத்தில் கையை வைத்தேன். கை நடுங்கியது. எடுத்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தேன். 'ஏம்மா, நேரா வெட்டத் தெரியாதா உனக்கு?' என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்பது போலிருந்தது. என்ன ஆச்சரியமோ, அதில் நடுக்கம் நின்றுவிட்டது. அவர் முன்னால் தோற்கக்கூடாது என்று பழகிய கை அது.

முதல் இழை வந்தது. மிதக்கவிட்டு ஏந்தினேன். துடைத்தேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இரண்டாவது. துடைத்தேன். மூன்றாவது. துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றிலும் நான்கு நான்கு துண்டுதான். அதற்குள் சந்தோஷப்பட்டுவிடாதே, நான்கில் ஒன்று கெட்டதாக இருந்தால் என்ன செய்வாய் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

ஸ்லைடுகள் காய்ந்து, நிறம் ஏறி, வெளியே வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் நான் அந்த அறையில் இருந்த எல்லா பாட்டில்களின் லேபிளையும் படித்துவிட்டேன். மூன்று இருபதுக்கு டாக்டரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

அவர் அவசரப்படவில்லை. முதல் ஸ்லைடு, ஓரத்திலிருந்து ஓரம். இரண்டாவது. மூன்றாவது. பிறகு 319. பிறகு 317-ஐ எடுத்து வைத்தார், பழைய 318-ஐ எடுத்து வைத்தார், மறுபடி 317. எதிர்ப்பக்கம் கண் வைத்திருந்த எனக்கும் தெரிந்தது. இரண்டும் ஒரே முகம்.

"அந்த அஞ்சாவது துண்டு 317-ஓடது. மிதந்து வந்திருக்கு. மூணு ஆழத்துலயும் 318-ல ஒண்ணுமில்ல. 319 சுத்தமா இருக்கு." கண்ணை எடுத்து நிமிர்ந்தார். "உங்க நாத்தனாருக்கு இரைப்பைப் புண்ணு. கூட அந்தக் கிருமியும் இருக்கு, வழக்கமா இருக்குமே, அதான். மாத்திரையில சரியாப் போயிடும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு இழுப்பறையிலிருந்து நீல நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். 'தண்ணீர்த் தொட்டியைத் துடைக்காமல் அடுத்த பிளாக் வெட்டப்பட்டது. கேட்டபோது தவறான பதில் தரப்பட்டது' என்று எழுதி, தவறு செய்தவர் என்ற கட்டத்தில் முதல் தடவையாக என் பெயரை எழுதினேன். கை நடுங்கவே இல்லை. இனிமேல் எல்லா ஸ்லைடிலும் துண்டுகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்து என்று டாக்டரம்மா அதற்குக் கீழே தன் பங்குக்கு ஒரு வரி எழுதிக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கீழே போனேன். வெளிநோயாளிப் பிரிவின் நடைவழியில் நீள பெஞ்சு. கடைசியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"அவன் உளறிட்டானா?"

"அவர் வாயத் தெறக்கல அண்ணி. உங்க ஃபார்ம் என் கைக்கே வந்துடுச்சு."

"நெனச்சேன். ஊர்ல இவ்வளவு ஆஸ்பத்திரி இருக்கு, எனக்கு இதுதான் வாய்ச்சுது. என் வயித்த நீ வெட்டிப் பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு." சட்டென்று நிறுத்தினார். என் கண்ணையே பார்த்தார். "பாத்துட்டியா?"

முடிவை டாக்டர் வாயால்தான் கேட்க வேண்டும், நாங்கள் சொல்லக்கூடாது. அது சட்டம். ஆனால் என் முகம் சட்டம் படித்ததில்லை போலிருக்கிறது. இன்ஸ்பெக்டரின் தோள் அரை அங்குலம் இறங்கியது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போனார்.

பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பக்கத்திலிருந்த மனைவிக்கு நீட்டிக்கொண்டிருந்தார். இவர்களில் யாரோ ஒருவர் 317. அவருடைய அறிக்கையும் மூன்றரைக்கே போய்விட்டது, அதில் மாற்றம் ஏதுமில்லை. அந்தத் துண்டு எங்கும் மறைந்துவிடவில்லை, உரியவரிடம் திரும்பிப் போனது, அவ்வளவுதான். என் சந்தோஷம் என்னவோ குறையவில்லை. அதை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பத்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லையாம். புண்ணுதானாம். ரெண்டு வாரம் மாத்திர போட்டா போயிடுமாம்." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "நான் கையிலிருந்த துணியெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டேன்டி. புதுசா ஒண்ணும் வாங்கல. பாதியில விட்டுட்டுப் போனா பாவம், யாரு முடிப்பான்னு..."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழும்போதும் கைக்குட்டையை நான்காக மடித்துத்தான் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் என்னால் இருக்க முடியவில்லை. காலையில் ஸ்டோரில் ஆரம்பித்து நீல நோட்டு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே அதிசயம்.

"செவப்புத் துணிய வெட்டிட்டு மேசையத் தட்டாம வெள்ளைய விரிச்சா நூலு ஒட்டத்தான் செய்யும்," என்றார் கடைசியில். "அதுக்குத்தான் நான் ஒவ்வொரு தடவையும் தட்டுறது. நீ கூட கேட்டியே, இந்தப் பொம்பளைக்கு வேற வேல இல்லையான்னு."

"கேட்டேன்."

"தப்பு உன்னோடதுதானே?"

"என்னோடதுதான் அண்ணி."

இருபது வருடத்தில் முதல் தடவை. அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், கைப்பையைத் திறந்து மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார். துணியில் தையல் விட்ட இடத்தைத் தேடுகிற அதே கண்.

"ஏம்மா, அது நான்னு தெரியாம இருந்திருந்தா?"

என்னிடம் எதற்கும் பதில் இருக்கும் என்று ஊரே சொல்லும். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்டிருப்பாங்க," என்றேன்.

"வயித்த அறுத்திருப்பாங்களா?"

"இன்னொரு தடவ கிள்ளிப் பாத்திருப்பாங்க. அதுவரைக்கும் அந்த மனுஷி செத்துச் செத்துப் பொழச்சிருப்பா. அறுத்தும் இருக்கலாம்."

அவர் தலையசைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பசிக்குது," என்றார். "ரெண்டு மாசமா பசியே இல்ல. எந்திரி, இங்க என்ன கெடைக்கும்?"

கேன்டீனில் இரண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் வாங்கிக் கொடுத்தேன். ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது, பாலில் தண்ணீர், மேஜையை யாரும் துடைப்பதில்லை என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். எழுந்துகொள்ளும்போது, என் ரவிக்கையின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது சரியாப் பிடிக்கலியே, அவசரத்துல தெச்சது. நாளைக்குக் கொண்டா, பிரிச்சுத் தெச்சுத் தரேன்," என்றார்.

வாசலில் ஆட்டோ ஏறியவர் தலையை வெளியே நீட்டினார்.

"இனிமே எந்த நம்பர் வந்தாலும் நான்தான்னு நெனச்சுக்க. நான் பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்க."

இதைவிடப் பெரிய தண்டனையை எனக்கு யாரும் யோசித்திருக்க முடியாது.

மறுநாள் காலையில் ஒன்பது பிளாக். முதலாவதை முடித்து, தண்ணீரின் மேல் பேப்பரைப் போட்டு இழுத்தேன். அடுத்த பிளாக்கை எடுக்கக் கையை நீட்டினேன். பின்னால் யாரும் இல்லை. இருந்தாலும் இன்னொரு பேப்பரைக் கிழித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை மறுபடி ஒருமுறை இழுத்தேன். அடுத்து வெட்ட வேண்டியது முந்நூற்று இருபத்தைந்து. அது யாரென்று எனக்குத் தெரியாது.